அம்மாயி வீட்டு டிவிக்கு ஒரு லினக்ஸ் பெட்டி

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமா வீடு. அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, அங்கேதான் இருக்கிறார். போன மழைக்காலம் முடிந்து நான் போயிருந்தபோது, அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். உள்ளே மூன்று விசிடி. 1991இல் நடந்த அம்மா அப்பா கல்யாணம். முதலில் கேசட்டாக இருந்ததை, பிற்பாடு செவ்வாய்ப்பேட்டையில் யாரிடமோ கொடுத்து விசிடியாக மாற்றியிருக்கிறார்கள். ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்தேன். பளபளப்பான பக்கத்தில் சிலந்தி நூல் விரித்த மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை.

"ஏங்கண்ணு, இது ஓடுமா?"

"பார்க்கிறேன் அம்மாயி."

அங்கே இருந்த டிவிடி பிளேயர் நின்றுபோய் இரண்டு வருடம் ஆகிறது. சுவரில் புது டிவி இருக்கிறது, ஆனால் அம்மாயிக்குப் பிடித்தது எதுவும் அதில் வருவதில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஒரு சின்னக் கணினி வாங்கி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, கல்யாண வீடியோ, மாமா சேர்த்து வைத்திருக்கும் பழைய பட டிவிடிகள், குடும்பப் போட்டோக்கள் எல்லாவற்றையும் ஏற்றி டிவியோடு இணைத்துவிட வேண்டும். எந்த மென்பொருளைப் போடுவது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை கிடைப்பதற்குள் ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மூன்று தடவை ஏறி இறங்கினேன்.

முதலில் விசிடி. தட்டுகளைச் சேலத்துக்கு, அம்மாபேட்டையில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தேன். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாக இழுக்க வேண்டும். வட்டமாகச் சுற்றித் துடைத்தால் விழுகிற கீறல் லேசர் படிக்கிற தடத்தோடு சேர்ந்தே ஓடும், அதைத் தாண்டிப் படிக்க டிரைவால் பெரும்பாலும் முடியாது. இரண்டு தட்டு சுத்தமாகிவிட்டது. மூன்றாவதை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தபோது ஊசிமுனை அளவில் ஐந்தாறு இடத்தில் வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது. பூஞ்சை உலோகப் பூச்சையே தின்றிருக்கிறது.

லினக்ஸில் விசிடியைப் போட்டுக் கோப்பைச் சும்மா நகலெடுக்கப் பார்த்தால் உள்ளீட்டுப் பிழை என்று நின்றுவிடும். தட்டுதான் போய்விட்டது என்று நானும் முதலில் பயந்தேன். விஷயம் வேறு. சாதாரண டேட்டா சிடியில் செக்டார் எனும் ஒரு துண்டுக்கு 2048 பைட், மீதி இடம் பிழை திருத்தத்துக்கு. விசிடியில் அந்தத் திருத்தத் தகவலை விட்டுவிட்டு, அந்த இடத்திலும் வீடியோவையே நிரப்பி 2324 பைட்டாக எழுதியிருப்பார்கள். சாதாரண நகலெடுப்பு அதை 2048 என்று நினைத்துப் படித்துத் திணறுகிறது. விசிடிஇமேஜர் என்ற தொகுப்பில் விசிடிஎக்ஸ்ரிப் என்று ஒரு கருவி வருகிறது. அதில் டிரைவின் பெயரை மட்டும் கொடுத்தால் எம்பெக் வீடியோக் கோப்பாகவே எடுத்துக் கொடுத்துவிடும். முதல் இரண்டு தட்டும் முழுதாக வந்துவிட்டன. தெளிவு 352க்கு 288 புள்ளிகள்தான், இன்றைய டிவியில் மங்கலாகத்தான் தெரியும். அதற்காக அதை வேறு கோடெக்குக்கு, அதாவது வேறு சுருக்கும் முறைக்கு, மாற்றவோ பெரிதாக்கவோ வேண்டாம் என்பது என் கருத்து. எம்பெக்-1ஐ எந்தப் பழைய கணினியும் சிரமமில்லாமல் ஓட்டும். மறுபடி மறுபடி மாற்றினால் ஒவ்வொரு முறையும் முகங்கள்தான் இன்னும் கரையும்.

அப்புறம் பெட்டி. ஐந்து ரோடு பக்கம் ஒரு பழைய கணினிக் கடையில், ஆபீஸ்களில் கழித்துவிட்ட கையடக்க டெஸ்க்டாப் ஒன்று கிடைத்தது. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. டிவிக்குப் பின்னால் மாட்டிவிடலாம், விசிறிச் சத்தமும் கேட்காது. இந்த வேலைக்குப் பழைய பெட்டி வாங்குகிறவர்கள் ரேம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் எத்தனையாம் தலைமுறை என்று பாருங்கள். ஹெச்இவிசி எனப்படும் எச்.265 வீடியோவை இன்டெல் கிராபிக்ஸே பிரித்துக் கொடுப்பது ஆறாம் தலைமுறையில் தொடங்குகிறது, அதுவும் 8 பிட் நிறத்தில் மட்டும். 10 பிட்டுக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். விஏஇன்ஃபோ என்ற கட்டளையைக் கொடுத்தால் உங்கள் பெட்டி எதையெல்லாம் தாங்கும் என்று பட்டியல் வரும். என்னுடையதில் ஹெச்இவிசி மெயின் (8 பிட்) இருந்தது, மெயின்10 (10 பிட்) இல்லை. அக்கா மகள் தன் போனில் எடுத்த பிறந்தநாள் வீடியோ 4கே, 10 பிட். அதைப் போட்டதும் நான்கு கோரும் நூறு சதவீதத்துக்கு ஏறி, படம் விட்டு விட்டு நகர்ந்தது. அதை மட்டும் என் மேசைக் கணினியில் எச்.264 ஆக, 1080 வரி அளவில் மாற்றிக்கொண்டேன்.

இனி, படங்களை வரிசைப்படுத்தி டிவியில் காட்டும் மென்பொருள். நான்கைந்து பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

கோடி (Kodi), பழைய எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்ட எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டரிலிருந்து வந்தது. 2014இல்தான் கோடி என்று பெயர் மாறியது. பிறந்த நாளிலிருந்தே அது ஒரு டிவி, ஒரு பெட்டி, ஒரு ரிமோட் என்று நினைத்துச் செய்யப்பட்டது. ஹார்ட் டிஸ்கில் உள்ளதை நேராக எடுத்துத் திரையில் ஓட்டும், கோப்புகளைப் பிற திரைகளுக்கு அனுப்பும் சர்வர் நடுவில் கிடையாது. பிளெக்ஸ் அதே குடும்பத்திலிருந்து பிரிந்து சர்வர் வழிக்குப் போனது. பார்க்க அழகாக இருக்கும், பெரும்பாலான டிவிகளில் ஆப் கிடைக்கும். ஆனால் அதன் சர்வர் திறந்த மூலம் இல்லை, அதாவது அதன் நிரலை யாரும் பார்க்க முடியாது, கணக்குத் தொடங்கி உள்நுழைந்து பயன்படுத்துவதை வைத்துத்தான் அது அமைக்கப்பட்டிருக்கிறது, கிராபிக்ஸ் துணையோடு டிரான்ஸ்கோட் செய்ய (வீடியோவை அந்தந்தத் திரைக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்ற) கட்டணச் சந்தா வேண்டும். எம்பி (Emby) முன்பு திறந்த மூலமாக இருந்தது. அது 2018இல் மூடப்பட்டபோது, அதன் 3.5.2 பதிப்பிலிருந்து டிசம்பரில் பிரிந்து பிறந்ததுதான் ஜெல்லிஃபின். இது முழுக்க இலவசம், முழுக்கத் திறந்தது. ஒரு கணினியில் சர்வராக ஓடிக்கொண்டிருக்கும், டிவி, போன், பிரவுசர் என்று எங்கிருந்தும் அதைத் திறந்து பார்க்கலாம். மித்டிவி 2002இலிருந்து இருக்கிறது. டியூனர் கார்டு வழியாக ஒளிபரப்பைப் பிடித்துப் பதிவு செய்வதுதான் அதன் பலம். நம் ஊரில் கேபிளும் டிஷ்ஷும் பெரும்பாலும் செட்டாப் பெட்டி இல்லாமல் திறக்காது என்பதால், அந்தப் பலத்துக்கு இங்கே வேலை இல்லை.

இத்தனையும் தெரிந்திருந்தும் நான் முதலில் ஜெல்லிஃபினைத்தான் போட்டேன். என் வீட்டில் அது ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்குப் பழக்கம், அவ்வளவுதான் காரணம். லினக்ஸ் மின்ட் என்ற டெஸ்க்டாப் வகை, அதன் மேல் ஜெல்லிஃபின் சர்வர், டிவியில் பிரவுசரை முழுத்திரையாக வைத்து அதன் பக்கம். அம்மாபேட்டையில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. போஸ்டர்கள் வரிசையாக வந்தன, தமிழ்த் தலைப்புகள் பிரவுசரில் அழகாகத் தெரிந்தன.

மேலே கொண்டு போய் மாட்டிய அன்றைக்கே வரிசையாகச் சிக்கல். சாயந்திரம் மழை பிடித்தது, கரண்ட் போய் வந்தது. பெட்டி திரும்ப எழுந்து பாஸ்வேர்டு கேட்டு நின்றது. அதை நீக்கி வைத்தேன். அடுத்த தடவை எழுந்தபோது டெஸ்க்டாப்பின் மூலையில் புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று ஒரு சின்னச் சாளரம். பிரவுசர், சரியாக மூடப்படவில்லை, பழைய பக்கங்களைத் திறக்கட்டுமா என்று கேட்டது. இதெல்லாம் நமக்கு ஒரு விநாடி வேலை. அம்மாயிக்கு அது சுவர் மாதிரி. ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

படங்கள் இருந்த வெளி ஹார்ட் டிஸ்க் இன்னொரு தொல்லை. மின்ட்டில் யூஎஸ்பி டிஸ்கைச் செருகினால், உள்நுழைந்திருக்கும் ஆளின் பெயரில் ஒரு கோப்புறை உண்டாகி அதற்குள் அது ஏறும். அந்தக் கோப்புறைக்குள் நுழைய அந்த ஆளுக்கு மட்டும்தான் அனுமதி. ஜெல்லிஃபின் சர்வரோ ஜெல்லிஃபின் என்ற தனிப் பயனராக ஓடுகிறது, அதன் கண்ணுக்கு டிஸ்க் காலி. நூலகத்தில் ஒன்றும் சேரவில்லையே என்று தேடுகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். எந்த டிஸ்க் எங்கே ஏற வேண்டும் என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்கின் யூயூஐடி என்ற அடையாள எண்ணைக் கொடுத்து, எல்லோரும் படிக்கக்கூடிய நிலையான இடத்தில் ஏற்ற வேண்டும். நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்த்துவிட வேண்டும். அதில்லாமல் டிஸ்க் கழன்றிருந்தால் கணினி தொடங்கும்போதே அதைத் தேடி நின்றுவிடும்.

நெட்டுக்கும் அங்கே உத்தரவாதம் கிடையாது. பனி இறங்கினால் மாமா வீட்டில் போன் சிக்னல் ஒரு கோடு வந்தால் உண்டு. புதிதாகச் சேர்த்த படங்களுக்குப் போஸ்டர் வராமல் சாம்பல் கட்டமாக நின்றன. கீழே நெட் இருந்தது, அதனால் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இரண்டாம் தடவை இறங்கி வரும்போது வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நான் தேடியது நல்ல மென்பொருளை. தேட வேண்டியது, அம்மாயி டிவியைப் போட்டதும் வேறு எதுவுமே குறுக்கே வராத ஒன்றை. அங்கே ஒரே டிவி. போனில் பார்க்கப் போகிறவர் யாரும் இல்லை. சர்வர் எதற்கு? டெஸ்க்டாப்தான் எதற்கு?

லிப்ரெலெக் என்பது கோடியை மட்டும் ஓட்டுவதற்காகவே செய்த சின்ன லினக்ஸ். 2016இல் ஓபன்எலெக்கிலிருந்து பிரிந்தது. பென் டிரைவில் எழுதிச் செருகினால் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் தன்னை நிறுவிக்கொள்ளும். அந்த எஸ்எஸ்டியில் உள்ளது முழுக்க அழியும் என்பதை நினைவில் வையுங்கள். பெட்டியைப் போட்டால் நேராகக் கோடி. டெஸ்க்டாப், பாஸ்வேர்டு எதுவும் கிடையாது. ஏற்காட்டுக்கு இது பொருந்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதன் சிஸ்டம் பகுதி எழுத முடியாத, சுருக்கி வைத்த ஒரே கோப்பாக இருக்கிறது, நம் அமைப்புகளும் நூலகமும் தனிப் பகுதியில் இருக்கின்றன. திடீரென்று கரண்ட் போனால் சிஸ்டம் கெட்டுப்போகும் வாய்ப்பு அவ்வளவுக்குக் குறைகிறது. யூஎஸ்பி டிஸ்க் அதற்கு நாம் வைத்த பெயரிலேயே ஒவ்வொரு முறையும் ஏறுவதால், பாதை மாறி நூலகம் காலியாகும் கவலையும் தீர்ந்தது. டிஸ்கையும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்திலிருந்து லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவத்துக்கு மாற்றி, "வீடு" என்ற பொருளில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வைத்தேன்.

போஸ்டர் வேலையைக் கீழேயே முடித்தேன். கோடி படங்களின் விவரத்தை டிஎம்டிபி என்ற பொதுத் தளத்திலிருந்து எடுக்கிறது. அதற்குக் கோப்பின் பெயரில் படத்தின் பெயரும் அடைப்புக்குறிக்குள் வருடமும் வேண்டும். தமிழ்ப் படங்களுக்கு வருடம் கட்டாயம் என்றே சொல்வேன். "ஆயிரத்தில் ஒருவன்" 1965இலும் உண்டு, 2010இலும் உண்டு. வருடம் போடாமல் விட்டதில் அம்மாயியின் எம்ஜிஆர் படத்துக்குப் புதுப் படத்தின் போஸ்டர் வந்து உட்கார்ந்தது. பெயர்களைத் திருத்தி, நூலகம் முழுதும் சரியானதும், கோடியின் அமைப்புகளில் நூலகத்தை ஏற்றுமதி செய் என்பதை எடுத்து, தனித்தனிக் கோப்புகளாக என்று தேர்ந்தேன். ஒவ்வொரு படத்தின் கோப்புறையிலும் படத்தின் விவரங்களை எழுதி வைக்கும் என்எஃப்ஓ கோப்பு ஒன்றும் போஸ்டரும் வந்து அமர்ந்துகொள்ளும். இனி நெட்டே இல்லாவிட்டாலும் எல்லாம் டிஸ்கோடு வரும். ஜெல்லிஃபினிலும் இதைச் செய்ய வழி இருக்கிறது, படங்களைக் கோப்புறையிலேயே சேமி என்று ஒரு தேர்வு. முதல் தடவை நான் அதைப் பார்க்கவே இல்லை.

கல்யாண வீடியோ எந்தத் தளத்திலும் இருக்காதே. அதற்கு என்எஃப்ஓவைக் கையாலேயே எழுதினேன். தலைப்பைத் தமிழில் எழுதிப் பார்த்தபோது திரையில் வெறும் கட்டங்கள். கோடியில் நான் தேர்ந்த முகப்பின் எழுத்துருவில் தமிழ் இல்லை. அதோடு மல்லுக்கட்டாமல் போஸ்டரில் கவனம் வைத்தேன். அம்மா அந்தக் கல்யாணப் பத்திரிகையை முப்பது வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தடம் இன்னும் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் படமெடுத்து, போஸ்டர் என்ற பெயரில் கோப்புறைக்குள் போட்டேன். அம்மாயி கண்ணாடி இல்லாமல் எழுத்தைப் படிப்பதில்லை, ஆனால் அந்த மஞ்சள் மூலையைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துகொண்டார்.

மூன்றாம் தடவை ஏறியபோது மீதமிருந்தது ரிமோட்டும் சத்தமும்.

டிவி ரிமோட்டாலேயே கோடியை நடத்தலாம் என்று பலர் சொல்வார்கள். அதற்கு ஹெச்டிஎம்ஐயில் சிஇசி என்ற இணைப்பு வேண்டும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் அது உண்டு, சாதாரணக் கணினிகளின் ஹெச்டிஎம்ஐயில் பெரும்பாலும் இருக்காது. அதனால் யூஎஸ்பி முனையோடு வரும் வயர்லெஸ் ரிமோட் ஒன்று வாங்கினேன். அம்மாயி படம் பார்த்துக்கொண்டே பின்செல் (பேக்) பொத்தானை அழுத்தினார். கோடியில் அப்படி அழுத்தினால் படம் நிற்பதில்லை, பட்டியல் முன்னால் வந்து படம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

"படம் போயிருச்சு கண்ணு, பாட்டு மட்டும் கேக்குது."

அவர் எதிர்பார்த்தது நியாயம்தான். பின்செல் என்றால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். கோடியில் கீமேப் என்று ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு எழுதி எந்தப் பொத்தானையும் மாற்றலாம். முழுத்திரை வீடியோவில் மட்டும் பின்செல் என்பதை நிறுத்து என்று மாற்றினேன், நான்கைந்து வரிதான். பவர் பொத்தானையும் அதே கோப்பில் செயலற்றதாக்கினேன், கை பட்டுப் பெட்டி அணைந்துகொண்டே இருந்தது. அவருக்கு வேண்டிய நான்கு திசைகள், ஓகே, பின்செல் இவற்றைத் தவிர மற்ற பொத்தான்கள் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன்.

சத்தத்தில் ஒரு விசித்திரம். இசை நன்றாகக் கேட்கிறது, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஒலி அமைப்பில் நான் சேனல் எண்ணிக்கையை 5.1 என்று வைத்திருந்தேன். புதுப் படங்களில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான சேனலில் இருக்கும். டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர், அந்த நடு சேனல் போய்ச் சேர இடமில்லை. 2.0 என்று மாற்றி, ஒலியை அப்படியே டிவிக்கு அனுப்பும் பாஸ்த்ரூவை அணைத்ததும் கோடியே எல்லாவற்றையும் இரண்டாகக் கலந்து கொடுத்தது. கூடவே, படத்துக்கு ஏற்பத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்று என்ற தேர்வையும் போட்டேன். விசிடி நொடிக்கு 25 பிரேம், டிவி 60 ஹெர்ட்ஸில் இருந்தபோது கேமரா பந்தலில் திரும்பும் இடமெல்லாம் வெட்டி வெட்டி நகர்ந்தது. 50க்கு மாறியதும் சீராகிவிட்டது. இப்படிப்பட்ட தேர்வுகள் சில கண்ணில் படாவிட்டால், அமைப்புப் பக்கத்தின் இடது கீழ் மூலையில் உள்ள நிலையை நிபுணர் என்று மாற்றிப் பாருங்கள்.

அம்மாபேட்டை வீட்டில் இன்னும் ஜெல்லிஃபின்தான். அங்கே மாடியில் ஒரு டிவி, கீழே ஒரு டிவி, தம்பியின் போன். பாதியில் நிறுத்திய இடத்திலிருந்து இன்னொரு திரையில் தொடர வேண்டும் என்றால் சர்வர் இல்லாமல் முடியாது. என்னுடைய மேசைக் கணினி எட்டாம் தலைமுறை என்பதால், ஜெல்லிஃபின் பயனரை, கிராபிக்ஸைப் பயன்படுத்த அனுமதி தரும் ரெண்டர் குழுவில் சேர்த்து, கிராபிக்ஸ் துணையைத் தரும் விஏஏபிஐயைத் தேர்ந்ததும் 10 பிட் வீடியோவையும் போனுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிறது, பணம் கட்ட வேண்டியதில்லை. இரண்டு வீட்டுக்கும் கோப்புகள் ஒன்றே. படம், என்எஃப்ஓ, போஸ்டர் மூன்றையும் கோடியும் ஜெல்லிஃபினும் ஒரே மாதிரி படிப்பதால், கீழே சேர்த்ததை டிஸ்கில் நகலெடுத்துக்கொண்டு மேலே போனால் போதும்.

சேலத்திலிருந்து ஏற்காடு ரோட்டில் ஏறும்போது மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு வரும். டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டூடியோவில் மிச்சம் நிற்பது அதுதான். அங்கே எடுத்த படங்களைத் தனியாக ஒரு வரிசையாக வைக்கச் சொல்லி மாமா கேட்டிருந்தார். என்எஃப்ஓவில் ஸ்டூடியோ என்று ஒரு வரி சேர்த்தால் கோடியே பிரித்துக் காட்டும், இதுவரை ஆறு படத்துக்கு முடித்திருக்கிறேன்.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அம்மாயி தானே ரிமோட்டை எடுத்தார். கீழே, கீழே, ஓகே. பத்திரிகைப் படம் திறந்தது. மேளம், பந்தல், மணவறை. யாரோ ஒரு அம்மா குத்துவிளக்கோடு குறுக்கே நடக்க, அம்மாயி மறுபடியும் ஓகே அழுத்திப் படத்தை நிறுத்தினார். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"இது எங்கம்மா. இவங்க போட்டோ நம்ம வீட்ல ஒண்ணுகூட இல்ல சாமி."

அந்தப் பிரேமைத் தனிப் படமாக எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாயியின் அம்மா இன்னொரு முறை வருவது மூன்றாம் தட்டில், பந்தியில் என்கிறார் என் அம்மா. தட்டு என் பையில்தான் இருக்கிறது. ஒரு டிரைவ் படிக்காததை வேறு டிரைவின் லேசர் சில சமயம் படித்துவிடும். நண்பர் ஒருவரிடம் இரண்டு பழைய டெஸ்க்டாப் டிரைவ்கள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.